பழவேற்காட்டுக்கு ஒரு பயணம்

கடற்கரை ஊர்களைக் காண விரும்பாதவர் மிகச் சிலரே. ஓய்வு நாள் வந்தால், உள்நாட்டில் வாழ்வோர் அலையோசை கேட்கவும், ஈரமணலில் நடக்கவும், உப்புக் காற்றில் உலவவும் விரைகின்றனர். இவ்விருப்பம் இயல்பானது. ஆயினும், அவ்வாறு செல்வோருள் இரு வகையினர் உண்டு. கடலைக் கண்டு, உண்டு, விளையாடித் திரும்புவோர் ஒரு வகையினர். அவ்வூர் எவ்வாறு வாழ்கிறது, அங்குள்ள மக்கள் என்ன தொழில் செய்கின்றனர், நீரும் மணலும் பறவையும் மீனும் ஒன்றையொன்று எவ்வாறு சார்ந்து நிற்கின்றன என்பவற்றையும் அறிந்து திரும்புவோர் மற்றொரு வகையினர். முன்னவர் ஒரு பொழுதைக் கழிக்கின்றனர். பின்னவர் ஓர் ஊரைக் காண்கின்றனர். முன்னவர் தாம் அறியாமலேயே அவ்வூருக்குத் தீங்கு செய்துவிடுவதும் உண்டு.

நாம் இரண்டாம் வகையினராகச் சென்று காண்பதற்கு ஏற்ற ஊர் ஒன்று திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. அதுவே பழவேற்காடு.

வழியிற் காண்பன

பழவேற்காடு, சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில், பொன்னேரி வட்டத்தில் அமைந்துள்ளது. சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் மின்தொடர் வண்டியில் ஏறிப் பொன்னேரியில் இறங்கலாம். கும்மிடிப்பூண்டியில் வாழ்வோர் தெற்கு நோக்கி வரும் வண்டியில் ஏறினால், கவரைப்பேட்டையை அடுத்துப் பொன்னேரியை அடையலாம். அங்கிருந்து பேருந்தில் கிழக்கு நோக்கிச் சென்றால் 20 கிலோமீட்டருக்குள் பழவேற்காடு வந்துவிடும்.

இவ்வழி குறுகியதேயாயினும் கற்பிப்பது மிகுதி. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழில் வளாகத்தின் ஆலைகளும் புகைபோக்கிகளும் தோன்றுகின்றன. பல மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர் அங்கே உழைக்கின்றனர். பொன்னேரியை நெருங்க, ஆரணியாற்றின் நீரால் விளையும் வயல்கள் கண்ணுக்குப் பசுமை ஊட்டுகின்றன. மேலும் கிழக்கே செல்லச் செல்ல வயல்கள் குறைகின்றன, மண் வெளிறுகிறது, பனைமரங்கள் மிகுகின்றன, காற்றில் உப்பின் மணம் கலக்கிறது. ஆலை, வயல், கடல் ஆகிய மூன்றும் ஒரு மணி நேரப் பயணத்திற்குள் அடங்கிவிடும் நாடு இது. இம்மூன்றும் தனித்தனியானவை அல்ல என்பதை ஏரிக்கரையை அடைந்தபின் உணர்வோம்.

ஊரின் பழமை

வேலமரங்கள் அடர்ந்த பழங்காடு இருந்தமையால் இவ்வூர் பழவேற்காடு எனப் பெயர் பெற்றது என்பர். சென்னைக்கு அருகிலுள்ள திருவேற்காட்டின் பெயரும் இதனோடு ஒப்பு நோக்கத்தக்கது. ஐரோப்பியர் நாவில் இப்பெயர் திரிந்து ‘புலிக்காட்’ என வழங்கலாயிற்று.

இன்று மீன்பிடி ஊராகத் தோன்றும் பழவேற்காடு, ஒரு காலத்தில் பல நாட்டு வணிகர் கூடிய துறைமுகப் பட்டினமாக விளங்கியது. விசயநகரப் பேரரசின் காலத்தில் சோழமண்டலக் கரையின் சிறந்த துறைமுகங்களுள் இது ஒன்று. சுற்றுப்புறச் சிற்றூர்களில் நெசவாளர் நெய்த பருத்தித் துணிகளும், வண்ணந் தீட்டிய துணிகளும் இங்கிருந்து மலாக்காவுக்கும் சாவகத்துக்கும் கப்பலேறின. அத்துணிகளுக்கு மாற்றாகச் சாதிக்காயும் கிராம்பும் பிற நறுமணப் பொருள்களும் கிடைத்தன. இவ்வூரின் கட்டம் போட்ட கைக்குட்டைகள் ஐரோப்பாவில் ஊரின் பெயராலேயே அழைக்கப்பட்டன என்றால், இதன் வணிகச் சிறப்பை நாம் உணரலாம்.

பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இங்கே குடியேறி வணிகம் நடத்தினர். அவர்களுக்குப் பின் ஒல்லாந்தர் வந்தனர். அவர்கள் 1613ஆம் ஆண்டில் இங்கே ஒரு கோட்டையை எழுப்பி, தம் நாட்டின் கெல்டர்லாந்து மாநிலத்தை நினைந்து அதற்குக் ‘கெல்டிரியா’ எனப் பெயரிட்டனர். ஆங்கிலேயர் சென்னையில் இடம் பெற்றது 1639ஆம் ஆண்டில்தான். அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்னரே பழவேற்காட்டில் ஐரோப்பியக் கோட்டை ஒன்று நின்றது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. 1690ஆம் ஆண்டு வரையில் சோழமண்டலக் கரையிலிருந்த ஒல்லாந்தர் குடியிருப்புகளுக்கெல்லாம் இவ்வூரே தலைமையிடமாக இருந்தது. பின்னர் அத்தலைமை நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1825ஆம் ஆண்டில் பழவேற்காடு முடிவாக ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. அதற்குள் சென்னை பெருநகராக வளர்ந்துவிட்டது. பழவேற்காட்டின் துறைமுகப் பெருமை மங்கியது.

கல் சொல்லும் செய்தி

கெல்டிரியாக் கோட்டை இருந்த இடத்தில் இன்று மேடும் புதருமே மிகுந்துள்ளன. ஆனால், ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இன்னும் நின்று நிலவுகிறது. அதன் வாயிலில் இரண்டு எலும்புக்கூட்டு உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. உள்ளே செல்வோருக்கு நிலையாமையை நினைவூட்டும் காவலர் போல அவை நிற்கின்றன. உள்ளே, பெரிய கற்பலகைகளில் ஒல்லாந்த மொழியில் பெயர்களும் நாள்களும் குடிச்சின்னங்களும் அழகுற வெட்டப்பட்டுள்ளன. பொருள் தேடிப் பல்லாயிரம் கல் தொலைவு கடல் கடந்து வந்தோர், இவ்வூர் மணலிலேயே துயில்கின்றனர்.

இக்கல்லறைகளைக் காணும்போது கல்லில் எழுதப்படாத மற்றொரு கூட்டத்தையும் நாம் எண்ண வேண்டும். பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் இவ்வூரிலிருந்து துணியை மட்டும் ஏற்றுமதி செய்யவில்லை, மனிதரையும் கப்பலேற்றினர். பஞ்சமும் போரும் நாட்டை வாட்டிய காலங்களில், வறியவர் பலர் அடிமைகளாக விலைக்கு வாங்கப்பட்டு, இன்று சகார்த்தா என வழங்கும் படேவியாவுக்கும் பிற இடங்களுக்கும் அனுப்பப்பட்டனர். வணிகருக்குக் கல்லறை உண்டு. பெயரும் நாளும் உண்டு. அடிமைகளாய்ச் சென்றோருக்கு இங்கே ஒரு கல்லும் இல்லை. பழைய ஊர்களைக் காணச் செல்வோர், எழுதப்பட்டவற்றைப் படிப்பதோடு எழுதப்படாதவற்றையும் எண்ணிப் பார்த்தல் கடமையாகும்.

பல சமயத்தார் ஒன்றி வாழ்ந்த அடையாளங்களும் இவ்வூரில் நிறைய உள. செம்பாறாங்கற்களால் எழுப்பப்பட்ட ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் இராமாயணக் காட்சிகள் சிறு சிறு சிற்பங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. முசுலிம் பெருமக்களின் பெரிய பள்ளிவாசலும் சின்னப் பள்ளிவாசலும் இங்கு உண்டு. சின்னப் பள்ளிவாசலில் கதிரவனின் நிழலைக் கொண்டு பொழுதறியும் நிழற்கடிகாரம் ஒன்று உள்ளது. போர்த்துக்கீசியர் காலத்து மரபை உடைய மகிமை மாதா ஆலயமும் இங்கேதான் உள்ளது. கரையோரப் பனைகளின் ஓலைகொண்டு பெட்டிகளும் கூடைகளும் முடையும் கைத்தொழிலில் இவ்வூர் முசுலிம் பெண்மணிகள் பெயர் பெற்றவர்கள். சாயம் ஏற்றிய ஓலையை இழை இழையாகக் கிழித்து அவர்கள் முடையும் பெட்டிகள், காண்போர் கருத்தைக் கவர்வன.

ஏரியின் இயல்பு

பழவேற்காட்டின் உயிர்நாடி அதன் ஏரியே. ஒடிசாவிலுள்ள சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுவாகும். வடக்குத் தெற்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் இவ்வேரியின் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. தென்பகுதி தமிழ்நாட்டைச் சேர்ந்தது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே சிறீகரிக்கோட்டைத் தீவு நீண்ட மணல் அணைபோல் கிடக்கிறது. அத்தீவில்தான் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் ஏவுதளம் உள்ளது. 2023ஆம் ஆண்டு சூலை 14ஆம் நாள் சந்திரனை நோக்கிச் சந்திரயான்-3 புறப்பட்டதும் அங்கிருந்தே. ஏவுகணை எழும் நாள்களில் அதனைக் காண மக்கள் ஏரிக்கரையில் திரள்வர். அந்நாள்களில் மீனவர், பாதுகாப்புக் கருதி, அப்பகுதிக் கடலிற் செல்லாது கரையில் தங்குவர்.

ஏரி என்றவுடன் ஆழமான நீர்நிலையை எண்ணிவிடலாகாது. இதன் சராசரி ஆழம் ஏறத்தாழ 1 மீட்டரே. தெற்கே ஆரணியாறும், வடமேற்கே காளங்கியாறும், வடக்கே சுவர்ணமுகி ஆறும் இதிற் கலக்கின்றன. அவை நன்னீரைக் கொணர்கின்றன. பழவேற்காட்டின் அருகேயுள்ள முகத்துவாரத்தின் வழியாகக் கடல்நீர் உட்புகுகிறது. இவ்விரு நீரும் கலப்பதனாலேயே இது உவர்நீர் ஏரி ஆயிற்று. முற்காலத்தில் சரக்குப் படகுகள் சென்ற பக்கிங்காம் கால்வாயும் இவ்வேரியை ஊடுருவிச் செல்கிறது. சிறீகரிக்கோட்டைக் காடுகளின் விறகு, அக்கால்வாய் வழியே சென்னை மக்களின் அடுப்புகளை அடைந்த காலமும் ஒன்று உண்டு.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆற்றுவெள்ளம் ஏரியை நிரப்பி, முகத்துவாரத்தை அகலத் திறந்துகொண்டு கடலுக்குப் பாய்கிறது. அப்போது ஏரிநீரின் உவர்ப்புக் குறைகிறது. கோடையில் ஆறுகள் வறள்கின்றன, நீர் ஆவியாகிறது, உவர்ப்பு மிகுகிறது. அலைகள் கொணரும் மணல் முகத்துவாரத்தில் படிந்து, சில வேளைகளில் வாயிலை அடைத்தும் விடுகிறது.

முகத்துவாரம் அடைபட்டால் என்ன நேரும்? இறாலின் வாழ்க்கையை அறிந்தால் இதற்கு விடை கிடைக்கும். இவ்வேரியில் மிகுதியாகக் கிடைக்கும் இறால் வகைகள் கடலில் முட்டையிடுகின்றன. குஞ்சுகள் கடல்நீரோடு ஏரிக்குள் வந்து, அமைதியான ஆழமற்ற நீரில் உணவு தேடி வளர்கின்றன. வளர்ந்தபின் மீண்டும் கடலுக்குச் செல்கின்றன. மடவை போன்ற மீன்களும் இவ்வாறு கடலுக்கும் ஏரிக்கும் இடையே வந்து போகின்றன. ஆகவே, முகத்துவாரம் என்பது வெறும் மணல் இடுக்கு அன்று. ஏரிக்கு அது மூக்கும் வாயும் போன்றது. அது மூடினால் கடலிலிருந்து வரும் குஞ்சுகள் நின்றுவிடும். மீனவரின் படகுகளும் கடலுக்குச் செல்ல வழியின்றிக் கரையில் தங்கிவிடும்.

கடற்கரையில் ஓரிடத்தில் செய்யும் மாற்றம் மற்றோரிடத்தைத் தாக்கும் என்பதற்குச் சென்னையே சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்திற்குக் கடலினுள் சுவர்கள் எழுப்பப்பட்டன. கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணல் அச்சுவர்களால் தடுக்கப்பட்டது. தெற்கே மணல் சேர்ந்து மெரீனாக் கடற்கரை அகன்றது. வடக்கே இராயபுரக் கரையைக் கடல் அரித்தது. இந்நாளில் எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் இயங்குகின்றன. அவை நாட்டின் வணிகத்திற்குப் பயன்படுவன. ஆயினும், அவற்றை மேலும் விரிக்கும் போது ஏரிக்கும் கரைக்கும் என்ன நேரும் என்று பழவேற்காட்டு மீனவர் கவலையோடு வினவுகின்றனர். அவ்வினா பொருளற்றது அன்று.

பாடு என்னும் முறை

நெய்தல் நிலத்து மக்களைப் பரதவர் என்று நம் பழந்தமிழ் நூல்கள் அழைக்கும். அம்மரபில் வந்த மீனவர்கள் இவ்வேரியில் ‘பாடு’ என்னும் முறையைக் கைக்கொண்டுள்ளனர். இது நாம் அறிந்து போற்றத்தக்க ஏற்பாடு.

ஏரியின் எல்லா இடங்களிலும் இறால் ஒரே அளவாகக் கிடைப்பதில்லை. முகத்துவாரத்தை அடுத்த சில இடங்களிலேயே மிகுதியாகக் கிடைக்கும். வலியவர் அவ்விடங்களை நாள்தோறும் பற்றிக்கொண்டால் எளியவர் என்ன செய்வர்? பூசலன்றோ விளையும்? அதனைத் தவிர்க்க, ஊர்ப் பெரியோர் கூடி, மீன்பிடி இடங்களை வரையறுத்து, உரிமையுடைய குடும்பத்தார்க்குச் சீட்டுக் குலுக்கி முறை வகுக்கின்றனர். இன்று நல்ல இடத்தில் வலை கட்டியவர் மறுமுறை வேறிடத்துக்குச் செல்வார். இன்று குறைந்த இடம் பெற்றவருக்கு நல்ல இடம் வரும். இவ்வாறு ஆதாயமும் குறையும் எல்லார்க்கும் மாறி மாறி வருகின்றன. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் முதலிய ஊர்களில் இம்முறை தலைமுறை தலைமுறையாக நிலவி வருகிறது.

இம்முறையிலும் குறை இல்லாமல் இல்லை. பாட்டுரிமை பெறாத ஊரினரும் குடியினரும் தமக்கும் பங்கு வேண்டும் எனக் கேட்பதுண்டு. அதனால் பிணக்குகளும் எழுந்துள்ளன. வலையும் படகும் இல்லாத இருளர் மக்கள், இடுப்பளவு நீரில் இறங்கிக் கையாலேயே சேற்றைத் துழாவி இறால் பிடிக்கின்றனர். பிடித்த இறாலை இடுவதற்குரிய ஓலைப் பறியை வாயிற் கவ்வியபடி அவர்கள் வேலை செய்வதைக் காண்போர், கடையில் விற்கும் இறாலுக்குப் பின்னுள்ள உழைப்பை ஒருபோதும் மறவார்.

பூநாரைக் கூட்டம்

பழவேற்காட்டு ஏரிக்கு மாரிக்காலத்தில் வரும் விருந்தினர் பலர். கூழைக்கடாக்களும் நாரைகளும் உள்ளான்களும் கூட்டங் கூட்டமாக வந்து இறங்குகின்றன. அவற்றுள் கண்ணைக் கவர்வது பூநாரை. நீண்ட கால்களும், வளைந்த கழுத்தும், வெண்மையிற் கலந்த இளஞ்சிவப்பும் உடைய பூநாரைகள், ஆழமற்ற நீரில் வரிசையாக நிற்கும் காட்சி, ஏரியில் மலர்க்காடு பூத்தது போன்றிருக்கும்.

பூநாரை உண்ணும் முறை வியப்பானது. அது தலையைத் தலைகீழாக நீரில் ஆழ்த்தி, அலகினால் சேற்றுநீரை உறிஞ்சுகிறது. அலகின் ஓரங்களிலுள்ள சல்லடை போன்ற அமைப்பு, நீரை வெளியே விட்டு, நுண்ணிய பாசிகளையும் சிறு உயிர்களையும் மட்டும் உள்ளே நிறுத்துகிறது. அவ்வுணவிலுள்ள நிறப்பொருளே அதன் இறகுக்குச் சிவப்பைத் தருகிறது. குஞ்சுப் பருவத்தில் பூநாரை சாம்பல் நிறமாகவே இருக்கும். ஏரியின் சேறு வளமாக இருந்தால்தான் பறவைக்கு அழகு உண்டு.

நம் நாட்டில் பூநாரைகள் குசராத்து மாநிலத்தின் கட்ச் உவர்நிலத்தில் பெருங்கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. பழவேற்காட்டுக்கு அவை இரை தேடி வருகின்றன. இவ்வேரியில் பறவைகளைக் காக்கும் பொருட்டு ஆந்திர அரசு 1976ஆம் ஆண்டிலும், தமிழ்நாட்டு அரசு 1980ஆம் ஆண்டிலும் சரணாலயங்களை அறிவித்தன. பறவைகளை அருகே காணும் ஆர்வத்தால் சிலர் ஓசையெழுப்பியும் கல்லெறிந்தும் அவற்றைப் பறக்கச் செய்கின்றனர். அவை பறக்கும் காட்சி நமக்கு ஒரு நொடி இன்பம். பறவைக்கோ உண்ணும் நேரத்தின் இழப்பும், நெடும்பயணத்திற்குச் சேர்த்த வலிமையின் இழப்புமாகும்.

மெக்சிகோவின் இரண்டு ஊர்கள்

பூநாரை நம் நாட்டிற்கு மட்டும் உரிய பறவை அன்று. அட்லாந்திக் பெருங்கடலுக்கு அப்பால், மெக்சிகோ நாட்டின் யுகத்தான் தீபகற்பத்திலும் பூநாரைகள் வாழ்கின்றன. அங்கே, பழவேற்காட்டைப் போலவே கடலுக்கும் காயலுக்கும் இடையே அமைந்த இரண்டு ஊர்களின் வரலாறு நமக்கு நல்ல பாடமாகும்.

ஓர் ஊர் கன்கூன். 1970ஆம் ஆண்டுக்கு முன் அது மிகச் சிலரே வாழ்ந்த மணல் திட்டு. ஒருபுறம் கரீபியக் கடல். மறுபுறம் நிச்சுப்தே என்னும் காயல். உலகப் பயணிகளை ஈர்க்கும் நகரொன்றை அங்கே அமைக்க மெக்சிகோ அரசு திட்டமிட்டது. 1970களில் விடுதிகள் எழுந்தன. இன்று ஏறத்தாழ 9 லட்சம் மக்கள் வாழும் பெருநகராக அது வளர்ந்துள்ளது. பல்லாயிரவர்க்கு வேலை கிடைத்தது; நாட்டிற்கு வருவாய் பெருகியது. ஆனால், மணல் திட்டின்மேல் விடுதிகள் நெருங்கி எழுந்தன. அலையாத்தி மரங்கள் பல அழிந்தன. காயலின் ஓரங்கள் மண்ணிட்டு நிரப்பப்பட்டன. 2005ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் வில்மா என்னும் கடும்புயல் தாக்கியபோது, எந்த வெண்மணலுக்காக மக்கள் அங்கே வந்தனரோ அம்மணலையே கடல் வாரிச் சென்றது. பின்னர்ப் பெரும் பொருட்செலவில் கடலடி மணலை எடுத்துக் கரையில் கொட்ட வேண்டியதாயிற்று. அவ்வாறு கொட்டிய மணலும் நிலைக்கவில்லை. சில ஆண்டுகளில் மீண்டும் கொட்ட நேர்ந்தது.

மற்றோர் ஊர் செலெசுதூன். அது யுகத்தானின் மேற்குக் கரையிலுள்ள சிறிய மீன்பிடி ஊர். அங்கும் காயல் உண்டு. அலையாத்திக் காடு உண்டு. மாரிக்காலத்தில் ஆயிரக்கணக்கான பூநாரைகள் வருகின்றன. அவ்வூரும் சூழ்ந்த நீர்நிலமும் காப்பகமாக அறிவிக்கப்பட்டுள்ளன. பூநாரைகளைக் காண வருவோரை உள்ளூர்ப் படகோட்டிகளே தம் படகுகளில் அழைத்துச் செல்கின்றனர். பறவைக் கூட்டத்தை நெருங்காமல் தொலைவிலேயே படகை நிறுத்துவது அங்கே விதி. பறவைகள் தங்கினால்தான் பயணிகள் வருவர். பயணிகள் வந்தால் தம் வருவாய் பெருகும் என்பதை அவர்கள் நன்கு அறிவர்.

கன்கூன் செல்வத்தில் மிகுந்தது, செலெசுதூன் எளியது. ஒன்றை இகழ்ந்து மற்றொன்றைப் புகழ்வது நம் நோக்கம் அன்று. கரையின் இயல்பை அறியாமல் கட்டினால் பின்னர் அதற்கு விலை கொடுக்க நேரும் என்பதை முதல் ஊரும், ஊர் மக்களையும் உயிரினங்களையும் ஒதுக்காமலேயே விருந்தினரை வரவேற்கலாம் என்பதை இரண்டாம் ஊரும் நமக்கு உணர்த்துகின்றன. பழவேற்காடு எவ்வழியிற் செல்லும் என்பது இனி வருவோரின் அறிவைப் பொறுத்தது.

மறக்கலாகாத ஒரு நாள்

படகில் ஏரியைச் சுற்றிவர எவர்க்கும் ஆசை எழும். ஆனால், அமைதியாகத் தோன்றும் நீரை எளிதென எண்ணலாகாது. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள், கிறித்துமசு விடுமுறையைக் கழிக்கப் பழவேற்காட்டுக்கு வந்தவர்கள் சென்ற படகு கவிழ்ந்தது. 22 பேர் உயிரிழந்தனர். குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். விழா நாள் துயர நாளாயிற்று. அதன்பின் அங்கே உல்லாசப் படகுப் பயணத்திற்கு மாவட்ட நிர்வாகம் தடை விதித்தது.

இத்துயரத்தைச் சொல்வது அச்சமூட்டுவதற்காக அன்று. ஏரியில் ஒரே இடத்தில் முழங்காலளவு நீரும் உண்டு. அடுத்த அடியில் ஆழமான ஓடையும் உண்டு. முகத்துவாரத்தை அடுத்த பகுதியில் கடல் ஏற்றமும் வற்றமும் நீரை வலிமையோடு இழுக்கும். காற்று நொடியில் திசை மாறும். பிறந்தது முதல் நீரோடு பழகிய மீனவர்கூட வானத்தையும் அலையையும் பார்த்த பின்னரே படகைத் தள்ளுகின்றனர். அவ்வாறிருக்க, ஒரு நாள் வந்து செல்லும் நாம் தடையை மீறி ஏறுவதும், அளவுக்கு மேல் ஆள் ஏறிய படகில் இடம் தேடுவதும், உயிர்காப்பு அங்கியின்றிச் செல்வதும் அறிவுடைமை ஆகுமா? ‘சிறிது தொலைவுதானே, காசு கூடத் தருகிறோம்’ என்று படகோட்டியை வற்புறுத்துவதும் பிழையே. வறியவர்க்கு அக்காசை மறுப்பது எளிதன்று என்பதை நாம் உணர வேண்டும்.

விருந்தினர் கடமை

விருந்தோம்பல் தமிழரின் தலைசிறந்த பண்பு. விருந்தளிப்போர் கடமையைப் பற்றி நம் முன்னோர் நிறையச் சொல்லியுள்ளனர். விருந்தாகச் செல்வோர்க்கும் கடமை உண்டு. ஒருவர் இல்லத்திற்குச் சென்றால், அவ்வீட்டின் ஒழுங்கை அறிந்து அதற்கேற்ப நடக்கிறோம் அல்லவா? ஊருக்குச் செல்லும்போதும் அவ்வாறே நடத்தல் வேண்டும்.

பழவேற்காட்டுக்குச் செல்வோர், உண்டு எறியும் ஞெகிழிப் பைகளையும் புட்டிகளையும் ஏரிக்கரையில் விட்டு வரலாகாது. நாம் எறியும் பை காற்றில் பறந்து நீரில் வீழ்கிறது. மீனவர் வலையில் மீனுக்கு மாறாக அதுவே ஏறுகிறது. கல்லறைக் கற்களில் பெயர் கிறுக்குதல் கூடாது. அக்கற்களுட் பல 300 ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. காயப் போட்ட வலையின்மேல் நடத்தல் கூடாது. ஒரு வலையைப் பழுது பார்க்க ஒரு குடும்பம் பல மணி நேரம் உழைக்கிறது. மீனையும் நண்டையும் ஓலைப் பெட்டியையும் ஊராரிடமே உரிய விலை கொடுத்து வாங்குவது, அவர்களுக்கு நாம் செய்யும் சிறந்த உதவி.

இக்கடமை ஒரு நாள் பயணத்தோடு முடிவதும் அன்று. வழியிற் கண்ட ஆலைகளையும் வயல்களையும் மீண்டும் எண்ணிப் பாருங்கள். ஆலைக் கழிவு தூய்மை செய்யப்படாமல் ஓடையிற் கலந்தாலும், வயலில் இட்ட நஞ்சு மழைநீரோடு வழிந்தாலும், ஆற்று மணல் அளவின்றி அள்ளப்பட்டாலும், அவற்றின் விளைவு இறுதியில் ஏரியையே வந்து சேரும். கும்மிடிப்பூண்டியில் எந்திரம் இயக்குவோரும், பொன்னேரியில் ஏர் உழுவோரும், பழவேற்காட்டில் வலை வீசுவோரும் ஒரே நீரால் இணைக்கப்பட்டவர்கள். மாணவர்களாகிய நீங்கள் நாளை பொறியாளராகவோ, உழவராகவோ, ஆட்சியாளராகவோ ஆகலாம். அப்போது உங்கள் கையெழுத்து ஒன்றினால் ஒரு முகத்துவாரம் திறந்திருக்கவும் கூடும், அடைபடவும் கூடும். ஆகையால் இப்போதே சென்று காணுங்கள். கரையில் நின்று, ஏரிக்குள் கடல்நீர் ஏறி வருவதை நேரிற் காணுங்கள். வலையை உதறும் முதியவரிடம் பணிவோடு வினவுங்கள். நூல்களில் எழுதப்படாத பலவற்றை அவர் உங்களுக்குக் கற்பிப்பார்.